அக்கம்பக்கம் வளர்த்த கல்லீரல்



ஸ்டெம் செல் என்று பேச்செடுத்தாலே, 'எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்' என்ற விளக்கம்தான் உடனே வரும். அது சரிதான். ஆனால் பாதிதான் சரி. எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஒரு செல், குறிப்பிட்ட ஓர் உறுப்பாக ஏன் மாறுகிறது? அதற்கு அந்தக் கட்டளையை யார் தருகிறார்கள், எப்போது தருகிறார்கள்? இதைக் கேட்காமலேயே விட்டுவிட்டோம். அதனால்தான் ஸ்டெம் செல்லை ஊசியில் ஏற்றி உடம்புக்குள் விட்டால் போதும், அதுவாகவே போக வேண்டிய இடத்துக்குப் போய், ஆக வேண்டியதாக ஆகிவிடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. அந்த நம்பிக்கைக்காகக் காசைக் கொட்டுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். விட்டுப்போன அந்தப் பாதியைக் கல்லீரலை வைத்து இன்று சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

கருவுற்ற நான்காவது வாரத்தில் மனிதக் கரு சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதற்குள் முன்குடல் என்று ஒரு குழாய். உணவுக்குழாய், நுரையீரல், இரைப்பை, கணையம், கல்லீரல் ஆகிய அத்தனையும் அந்தக் குழாயிலிருந்து வரப்போகிறவை. குழாயின் உட்சுவரில் இருப்பவை அகப்படைச் செல்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். திடீரென்று அடிப்பக்கச் சுவரில் ஒரே ஒரு சிறு பகுதி தடிக்கிறது, பிறகு வெளிப்புறமாக மொட்டு விடுகிறது. அந்த மொட்டுதான் கல்லீரல். இத்தனை நீளச் சுவரில் அந்த இடம் மட்டும் ஏன்?

மாணவர்களுக்கு இதை விளக்க மூன்று நாள் அடைகாத்த கோழி முட்டையைத்தான் எடுத்துக்கொள்வேன். ஓட்டின் மேற்புறத்தைச் சின்னக் கத்தரியால் வட்டமாக வெட்டி எடுத்தால் உள்ளே மஞ்சள் கரு. அதன்மேல் மெல்லிய சிவப்பு நாளங்கள் எல்லாப் பக்கமும் ஓடியிருக்கும். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டுத் துடிக்கும். அதுதான் இதயம். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் துடிப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: துடிப்பைப் பார்த்தது போதும், அதை ஒட்டினாற்போல் பின்னால் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. கருவை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், இதயத்தை உரசிக்கொண்டு நிற்கும் குடல் சுவரில் கல்லீரல் மொட்டு தெரியும். இதயம் எங்கே தொடுகிறதோ அங்கேதான் கல்லீரல் பிறக்கிறது.

இது தற்செயல் இல்லை என்று காட்டியவர்களில் முதன்மையானவர் பிரான்ஸ் நாட்டுக் கருவியலாளர் நிக்கோல் லெ துவாரென். 1960களில் கோழிக் கருவின் திசுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார். அகப்படையை இதயப் பகுதித் திசுவோடு சேர்த்து வளர்த்தால் கல்லீரல் வந்தது. அந்தத் திசு இல்லாவிட்டால் வரவில்லை. இந்த வேலையின் நடுவில்தான் காடையின் செல் உட்கருவைக் கோழியின் உட்கருவிலிருந்து நுண்ணோக்கியில் எளிதாகப் பிரித்தறியலாம் என்பதைக் கண்டுகொண்டார். கோழிக் கருவுக்குள் காடைத் திசுவைப் பொருத்திவிட்டு, எந்தச் செல் எங்கே போய் என்னவாகிறது என்று பின்தொடர அதனால் முடிந்தது. நரம்பு மண்டலத்தின் வளர்ச்சியைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் ஒரு முக்கியப் பகுதி அந்தக் காடை தந்தது. அது வேறொரு மாலைக்கான பேச்சு.

இதயம் அனுப்பும் செய்தி என்ன என்பது தெரிய 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கென்னத் ஸாரெட்டின் ஆய்வுக்குழு, எட்டு நாள் ஆன சுண்டெலிக் கருவின் அகப்படையை இதயத்திலிருந்து பிரித்தெடுத்து, எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தை மட்டும் அதற்குக் கொடுத்துப் பார்த்தது. இதயமே இல்லாமல் கல்லீரலுக்குரிய அல்புமின் மரபணு விழித்துக்கொண்டது. அடுத்த இரண்டே ஆண்டில் இன்னொரு செய்தி வெளியானது. அந்தப் பகுதிச் செல்களுக்கு எஃப்ஜிஎஃப் எட்டாமல் செய்தால் அவை கணையத்தின் மரபணுக்களை இயக்கத் தொடங்குகின்றன. யோசித்துப் பாருங்கள். நம் கல்லீரலாக இருக்கும் செல், இதயத்திலிருந்து சற்று விலகி நின்றிருந்தால் கணையமாகியிருக்கும். இந்தத் துறையில் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதயம் மட்டும் பேசினால் போதாது. பின்னாளில் உதரவிதானத்தின் ஒரு பகுதியாகப் போகும் குறுக்குத் தடுப்புத் திசுவும் பிஎம்பி என்ற இன்னொரு புரதத்தை அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மொட்டு. மொட்டு வந்த பிறகு, அது அந்தத் தடுப்புத் திசுவுக்குள் புகுந்து வளர ரத்த நாளச் செல்கள் வேண்டும். நாளச் செல்கள் உருவாக முடியாத சுண்டெலிக் கருவில் மொட்டு தடிப்பதோடு நின்றுவிடுகிறது என்று 2001ல் காட்டினார்கள். நாளங்களின் வேலை ஆக்சிஜனும் உணவும் கொண்டுவருவதுதானே, ரத்தம் வராததால் வளரவில்லை என்று தோன்றும். ஆனால் இந்தக் கட்டத்தில் அங்கே ரத்த ஓட்டமே தொடங்கியிருக்காது. குழாயாகக்கூட இன்னும் ஆகாத அந்தச் செல்கள் பக்கத்தில் இருப்பதே மொட்டுக்கு வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து செய்தி வந்தால் மட்டும் ஆகிவிடாது, அதைக் கேட்கும் நிலையில் செல்லும் இருக்க வேண்டும். செல்லுக்குள் டிஎன்ஏ புரதங்களைச் சுற்றிச் சுருண்டு மூடிக்கிடக்கிறது. ஃபாக்ஸ்ஏ என்ற புரதங்கள் முன்கூட்டியே போய், கல்லீரல் மரபணுக்கள் இருக்கும் இடங்களில் அந்தச் சுருளைத் தளர்த்தி வைக்கின்றன. அகப்படையில் ஃபாக்ஸ்ஏ1, ஃபாக்ஸ்ஏ2 இரண்டையும் நீக்கிய சுண்டெலிக் கருவில் கல்லீரல் மொட்டே வரவில்லை என்று 2005ல் கண்டார்கள். அந்த அகப்படைக்கு வெளியிலிருந்து எஃப்ஜிஎஃப் கொடுத்தும் கல்லீரல் மரபணுக்கள் விழிக்கவில்லை.

மொட்டுக்குள் இருக்கும் செல்லுக்கு இப்போது ஹெப்படோபிளாஸ்ட் என்று பெயர். கல்லீரலின் ஸ்டெம் செல் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். கறாராகச் சொன்னால் இது முழு ஸ்டெம் செல் அல்ல. முழு ஸ்டெம் செல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு காலமெல்லாம் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் உள்ள ரத்த ஸ்டெம் செல் அப்படிப்பட்டது. ஹெப்படோபிளாஸ்ட் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வரும், பெருகும், இரண்டில் ஒன்றாக மாறும், குழந்தை பிறப்பதற்குள் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்ற ஒன்றை அது ஏராளமாகச் சுரக்கிறது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அளந்து பார்ப்பது இதைத்தான். 1963ல் மாஸ்கோவில் ஆபெலெவ் என்ற ஆய்வாளர் இதே புரதத்தைக் கல்லீரல் புற்று வந்த சுண்டெலிகளில் கண்டார். சிசுப் பருவத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டிய ஒரு புரதம், புற்றில் மறுபடி தலைகாட்டுகிறது. இன்றும் கல்லீரல் புற்று இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் எழுதித்தரும் ஏஎஃப்பி பரிசோதனை அதுதான்.

இந்த நேரத்தில் கல்லீரலுக்குள் வேறொரு கூட்டம் குடியேறுகிறது. ரத்த ஸ்டெம் செல்கள் பிறப்பது கல்லீரலில் இல்லை, கருவின் பெருந்தமனிச் சுவரில். அங்கிருந்து கிளம்பிக் கல்லீரலுக்கு வந்து, சில மாதங்கள் தங்கி, முதிர்ந்து, ரத்தச் செல்களைப் பெருக்குகின்றன. அதன் பிறகுதான் எலும்பு மஜ்ஜைக்குப் போகின்றன. நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மஜ்ஜைதான் நடவு வயல், கல்லீரல் நாற்றங்கால். பத்தாவது வாரத்தில் சிசுவின் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் கல்லீரல் என்றால், அதற்கு முக்கியக் காரணம் உள்ளே நடக்கும் இந்த ரத்த உற்பத்தி. வளர்ந்த மனிதரில் அது 2 சதவீத அளவுக்கு வந்துவிடுகிறது.

தங்க வந்தவர்கள் சும்மா தங்கிவிட்டுப் போகவில்லை. அந்த ரத்தச் செல்கள் ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அந்தப் புரதம்தான் பக்கத்து ஹெப்படோபிளாஸ்டை முதிர்ந்த கல்லீரல் செல்லாக்குகிறது என்று 1999ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதிர முதிர அதே கல்லீரல், ரத்த உற்பத்திக்கு ஒத்துவராத இடமாக மாறுகிறது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் நின்றதும் இன்னொன்றும் நடக்கிறது. கல்லீரலுக்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் நாளங்களின் தன்மையே மாறுகிறது. அந்த நாளங்களைச் சுற்றி ரத்த ஸ்டெம் செல்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்த துணைச் செல்கள் குறைந்துபோகின்றன. 2016ல் சுண்டெலியில் காட்டப்பட்ட இந்தக் கண்டுபிடிப்பை நான் மகப்பேறு மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் விடாமல் சொல்வேன். கொடியைக் கவ்வியால் பிடித்து வெட்டும் அந்த நொடி, குழந்தையின் கல்லீரலுக்குள் வரைக்கும் போய்ச் சேர்கிறது.

இனி ஹெப்படோபிளாஸ்ட் எந்தப் பக்கம் போவது என்று முடிவாகும் கட்டம். ஒரு வழி கல்லீரல் செல்: அல்புமின் செய்வது, அம்மோனியாவை யூரியாவாக்குவது, மருந்துகளை உடைப்பது, பித்தநீரைச் சுரப்பது. இன்னொரு வழி பித்தநாளச் செல்: சுரந்த பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்களின் சுவர். முடிவு செய்வது, போர்ட்டல் சிரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. சிரையைச் சுற்றியுள்ள திசு, ஜாக்டு1 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. ஹெப்படோபிளாஸ்டின் மேல் அதைப் பற்றும் நாட்ச் என்ற ஏற்பி. இந்தச் செய்தி தொட்டால்தான் போகும், தூரத்துக்குப் பாயாது. அதனால் சிரையைத் தொட்டு நிற்கும் வரிசைச் செல்கள் மட்டும் பித்தநாளப் பாதையில் இறங்கி, சிரையைச் சுற்றி ஒரு வளையமாகின்றன. வளையத்தின் சில இடங்களில் நடுவே துளை விழுந்து குழாயாகிறது. தள்ளி நிற்கும் மற்ற எல்லாம் கல்லீரல் செல்கள்.

இதெல்லாம் புத்தகத்தோடு போகும் விஷயமில்லை. ஜாக்டு1 மரபணு பழுதானால் அலஜில் நோய்க்குறி வருகிறது என்று 1997ல் கண்டறிந்தார்கள். அந்தக் குழந்தைகளின் கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் மிகக் குறைவாக இருக்கும். இதயத்திலும் முதுகெலும்பிலும்கூடக் குறை இருக்கலாம், ஏனென்றால் அங்கேயும் இதே புரதம்தான் பேசுகிறது.

அதைவிட அதிகமாகக் காணப்படுவது பித்தநாள அடைப்பு. பிறந்த சில வாரங்களில் கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் வீங்கி, தழும்பேறி, அடைத்துப்போகிறது. காரணம் ஒன்றே ஒன்று என்று இன்னும் கைகாட்ட முடியவில்லை. இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்ட குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை 1998ல் டெல்லியில் நடந்தது. நோய் இதேதான். குழந்தை தமிழ்நாட்டுக் குழந்தை. கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் தகப்பனார்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், இங்கே பாட்டிமார்களும் இளம் தாய்மார்களும் இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சாதாரணம். 'காலை வெயில் காட்டு, சரியாகிவிடும்' என்பார்கள், பெரும்பாலும் தானாகவே குறையவும் செய்யும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் வெயிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். குழந்தையின் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தாலும் பயமில்லை. வெளிறி, சுண்ணாம்புபோல, சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள். சிறுநீர் பட்ட வெள்ளைத் துணியில் அழுத்தமான மஞ்சள் கறை படிந்தால் அதுவும் ஓர் அறிகுறி. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், ரத்தத்தில் நேரடி பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பானின் மோரியோ கசாய் வகுத்த அறுவை சிகிச்சை, அடைத்த நாளத்தை அகற்றிக் குடலையே கல்லீரலின் வாயிலோடு இணைக்கிறது. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் போகப்போக வாய்ப்பு குறைகிறது. தைவானில் 2004 முதல் எல்லாக் குழந்தைகளின் பெற்றோருக்கும் மல நிறங்களை அச்சிட்ட அட்டையைக் கொடுக்கிறார்கள். செலவே இல்லாத அந்த அட்டை நம் தாய்-சேய் நலப் புத்தகத்திலும் ஒரு பக்கமாக இடம்பெற வேண்டும் என்று நான் எங்கே போனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்.

வளர்ந்தவர்களின் கல்லீரலுக்கு வருவோம். கல்லீரல் வெட்டினாலும் வளரும் என்று எல்லோருக்கும் தெரியும். 1931ல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிட்டது. வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை, மிஞ்சியது பெருக்கிறது. அதற்குள் ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்தான் இதைச் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதிர்ந்த, அன்றாட வேலையில் இருக்கும் சாதாரணக் கல்லீரல் செல்களே மறுபடி பிரிகின்றன.

அப்படியானால் வளர்ந்த கல்லீரலில் ஸ்டெம் செல்லே கிடையாதா? இந்தச் சண்டை அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. 1956லேயே ஃபார்பர் என்ற ஆய்வாளர், நச்சு கொடுத்த எலிகளின் பித்தநாள ஓரங்களில் நீள்வட்டச் செல்கள் பெருகுவதைக் கண்டு எழுதியிருந்தார். 2014ல் செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தவர்கள், சுண்டெலியில் புதுக் கல்லீரல் செல்கள் பழைய கல்லீரல் செல்களிலிருந்தே வருகின்றன என்றார்கள். 2017ல் எடின்பரோ ஆய்வாளர்கள் கல்லீரல் செல்கள் பிரிவதையே தடுத்துவிட்டுக் காயப்படுத்தினார்கள். அப்போது பித்தநாளச் செல்கள் கல்லீரல் செல்களாக மாறின. இரண்டு தரப்பும் சரி என்பதே என் முடிவு. தனியாக ஒரு ஸ்டெம் செல்லை ஒதுக்கி வைத்துக் காப்பாற்றும் வழக்கம் கல்லீரலுக்கு இல்லை. ஒரு வகைச் செல் முடங்கினால், கருவில் உடன்பிறந்த மற்ற வகை அந்த வேலைக்கு வருகிறது.

இப்போது ஊசி விஷயம். கல்லீரல் சுருங்கித் தழும்பேறும் சிரோசிஸ் நோய்க்கு ஸ்டெம் செல் ஏற்றுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, விற்கிறவர்கள் மேல் இருக்கிறது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 81 சிரோசிஸ் நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2018ல் வெளிவந்தது. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்தியும், வழக்கமான சிகிச்சையைவிடக் கல்லீரல் தேறவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை. சிரோசிஸில் நாளங்கள் திரிந்து, தழும்பு இழை நிறைந்து, பக்கத்துச் செல்கள் அனுப்பும் செய்திகளே கெட்டுப்போயிருக்கின்றன. அங்கே போய் இறங்கும் புதுச் செல்லுக்கு வழிகாட்ட இதயத் திசுவும் இல்லை, குறுக்குத் தடுப்பும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிர்தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. குறிப்பிட்ட ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது. முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும் கொடுக்கலாம், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. உங்களிடம் காசு கேட்டால் அது ஆய்வில்லை.

நம்பிக்கை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கரு சொல்லிக்கொடுத்த வழியில் போனவர்களிடம் இருக்கிறது. தோல் செல்லைக் கருவின் ஆரம்ப நிலைக்குத் திருப்பலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா 2006ல் சுண்டெலியிலும் அடுத்த ஆண்டு மனிதரிலும் காட்டினார். அப்படித் திரும்பிய செல்லைக் கல்லீரல் செல்லாக்கும் சோதனைச்சாலைச் செய்முறையில், கருவில் வரும் செய்திகளையே அதே வரிசையில் கொடுக்கிறார்கள். ஆனால் தனியாக வளர்த்தால் அவை சிசுப் பருவத்திலேயே தேங்கிவிடுகின்றன, ஆல்ஃபா ஃபீட்டோபுரதத்தையே சுரந்துகொண்டிருக்கின்றன. 2013ல் யோகோஹாமாவில் தகபே என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இந்தச் செல்களோடு ரத்த நாளச் செல்களையும் இணைப்புத் திசு ஸ்டெம் செல்களையும் கலந்து வைத்தார்கள். அவை தாமாகவே திரண்டு கண்ணுக்குத் தெரியும் மொட்டாகின. சுண்டெலிக்குள் பொருத்தியபோது இரண்டு நாட்களுக்குள் அதன் ரத்த நாளங்களோடு இணைந்து, மனித அல்புமினைச் சுரந்தன. 2020ல் டோக்கியோவின் தேசியக் குழந்தைகள் நல மருத்துவ மையம் ஒன்றை அறிவித்தது. அம்மோனியாவை யூரியாவாக்க முடியாமல் பிறந்த ஆறு நாள் குழந்தைக்குக் கருவிலிருந்து வந்த ஸ்டெம் செல்லில் செய்த கல்லீரல் செல்களைச் செலுத்தி, கல்லீரல் மாற்று அறுவையைத் தாங்கும் எடை வரும்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே அந்தச் செல்கள் ஒரு கல்லீரலைக் கட்டவில்லை. நல்ல அமைப்புள்ள கல்லீரலுக்குள் போய், விட்டுப்போன ஒரு வேலையைச் சில மாதங்கள் செய்தன.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2021ல் கேம்பிரிட்ஜில் நடந்தது. மனிதப் பித்தப்பையின் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கினார்கள். மாற்று அறுவைக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கப்பட்ட மனிதக் கல்லீரல்களை உடலுக்கு வெளியே, இளஞ்சூட்டு ரத்தத்தை ஓடவிடும் இயந்திரத்தில் உயிரோடு வைத்து, அவற்றின் பித்தநாளங்களுக்குள் அந்தச் செல்களைச் செலுத்தினார்கள். செல்கள் சுவரில் ஒட்டி, பழுதைச் சரிசெய்து, பித்தநீர்ச் சுரப்பை மேம்படுத்தின. பித்தப்பையிலிருந்து வந்த அந்தச் செல்கள், கல்லீரலுக்குள் குடியேறிய பிறகு, பித்தப்பைக்குரிய மரபணுக்களை அடக்கிவிட்டு, இப்போது இருக்கும் நாளத்துக்குரிய மரபணுக்களை இயக்கத் தொடங்கியிருந்தன. அந்தக் கல்லீரல்கள் எவருக்கும் பொருத்தப்படவில்லை. ஒதுக்கப்பட்ட கல்லீரலை இப்படிச் சீர்செய்து ஒரு மனிதருக்குள் வைப்பதுதான் அடுத்து செய்ய வேண்டிய வேலை.